காலியாக விடக்கூடாத கட்டம்

கல்லறைத் தோட்ட அலுவலகக் கம்ப்யூட்டரில் புது விதி வந்திருந்தது. இறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் பழைய பதிவும் நீங்கிவிடும். புருஷனுக்குப் பக்கத்துக் குழியை இருபது வருடம் முன்பே தன் பேரில் எழுதிவைத்திருந்த செபஸ்தியம்மாள், கிளார்க் அமலதாஸின் மேசை முன்னால் நின்றாள்.

"ஒரு தேதி சொல்லுங்கம்மா. இல்லன்னா குழி வேற ஆளுக்குப் போயிரும்."

"உயிரோட நிக்கேன், கண்ணு தெரியலையா?"

"அதைப் போட இதுல இடமில்ல." எரிச்சலோடு அன்றைய தேதியையே தட்டினான். திரை பச்சையானது. "முடிஞ்சுது. கிளம்புங்க."

அவள் கிளம்பவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கோப்புகளைத் தரையில் தள்ளிவிட்டு, அவன் மேசைமேல் ஏறி மல்லாந்து படுத்தாள்.

"இன்னைக்குன்னு நீதான எழுதுன? சீக்கிரம் எடுலே, வெயில் ஏறுது."