பெரிய சிரிப்பு

பூனைக்கு எத்தனை கால் என்று தொகுப்பாளர் கேட்டதும் அரங்கம் கைதட்டியது.

கேள்வி அவ்வளவுதான். போனில் வருகிறவர் சரியாகச் சொன்னால் ஒரு மெத்தை. தப்பாகச் சொன்னாலும் மெத்தை உண்டு, கொஞ்சம் மெல்லியதாக.

அரங்கத்துக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில், காதில் ஹெட்போனோடு அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான்கு பொத்தான்கள். கிளுகிளுச் சிரிப்பு, பெண்கள் சிரிப்பு, விசில் கலந்த சிரிப்பு, பெரிய சிரிப்பு.

போனில் பேசுகிறவரின் குரல் முதலில் அவள் காதுக்கு வரும். அரை நிமிஷம் கழித்துத்தான் அரங்கத்துக்கும் ஊரிலுள்ள வீடுகளுக்கும் போகும். அந்த இடைவெளிதான் அவளுக்குச் சம்பளம் தந்தது. யாராவது ஆகாத பேச்சு பேசினால், அதற்குள் ஒரு சிரிப்பைப் போட்டு மூடிவிட வேண்டும்.

வேலையில் சேர்ந்த அன்றே கத்திரி அண்ணன் சொல்லிக்கொடுத்துவிட்டார். "வெட்டினா ஓட்டை தெரியும்மா. ஓட்டையப் பாத்தா என்னன்னு கேப்பாங்க. சிரிப்பப் போடு, ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அவர்தான் அந்த அறைக்குப் பெரியவர். பேச்சை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் வந்த பெயர். வெட்டுவது நின்ற பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜனங்களுக்குப் பேச வேறு இடமில்லை. பத்திரிகைகள் நின்றுவிட்டன. காவல் நிலையத்தில் மனு வாங்குவதில்லை. மிச்சம் இருந்தது இந்தப் பூனைக்கால் நிகழ்ச்சிதான். அதனால் மெத்தைக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு நடுவே, பிள்ளையைத் தேடுகிறவர்களும் புருஷனைத் தேடுகிறவர்களும் வந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பெரிய சிரிப்பு. மற்ற மூன்றும் அழுகையை மூடப் போதாது.

அவளுடைய அம்மாவும் தினமும் சாயங்காலம் இந்த எண்ணுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய சொந்த அண்ணனை, அவன் வேலை செய்த இடத்திலிருந்தே ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் போனைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ அவன் பேரு வெளிய கேட்டாப் போதும்டி. எங்கயாவது பாத்தவங்க ஒருத்தராவது இருக்க மாட்டாங்களா?"

மகள் அங்கே கணக்குப் பிரிவில் இருப்பதாக அம்மாவுக்கு நினைப்பு. நிகழ்ச்சியை ஒருநாள் விடாமல் பார்ப்பாள். மற்றவர்கள் பேசும்போது சிரிப்பு வெடித்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கெடச்ச லைன்ல கோமாளித்தனம் பண்றாங்களே, இவங்க வீட்டுல எல்லாம் ஒரு கவலையும் இல்லையா?"

அம்மாவுக்கு லைன் கிடைத்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொள்ளாத நாளில்லை.

இன்று கிடைத்துவிட்டது.

"அலோ" என்ற ஒரு சொல்லிலேயே அம்மா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொகுப்பாளர் குஷியாகப் பூனையைப் பற்றிக் கேட்டார். அம்மா பூனையைச் சட்டை செய்யவில்லை.

அண்ணன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னாள். நிறுத்தி நிதானமாக, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று சொன்னதுபோல. இடது காதுக்குக் கீழே மச்சம் இருக்கும் என்றாள். வந்த வண்டியின் நிறத்தைச் சொன்னாள். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள் என்றாள். குரல் உடையவில்லை. அடுப்படியில் நின்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தாளோ.

மகளுடைய விரல் பெரிய சிரிப்பின்மேல் இருந்தது. பழகிய விரல், தானாகப் போயிருந்தது.

அழுத்தாவிட்டால் வேலை போகும். வேலையோடு விட்டால் பரவாயில்லை. அண்ணன் போன வண்டியே அவளுக்கும் வரும். அப்புறம் அம்மா இரண்டு பேருக்காகவும் போன் அடிக்க வேண்டியிருக்கும்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணனின் பெயர் அரங்கத்தில் ஒலித்தது. முழுப் பெயர். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு கடையிலும் இந்நேரம் கேட்டிருக்கும். அவளுக்கு நெஞ்சு விம்மியது. அது சந்தோஷம்தான். ரொம்ப நாளாகிவிட்டதால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். அரங்கத்தில் சத்தமே இல்லை. முதல் வரிசையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னொருவர் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள்.

யாரோ ஒருவர் லேசாகச் சிரித்தார்.

நமக்கு மட்டும் புரியவில்லையோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்து ஆளுக்கும் அப்படியே தோன்றியது. அடுத்தவருக்கும். வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது. தொகுப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒருவன் எழுந்து நின்று, "மச்சம், மச்சம்" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினான். அதற்குத் தனியாக ஒரு சிரிப்பு எழுந்தது.

அவள் கை இன்னும் மடியில்தான் இருந்தது.

கத்திரி அண்ணன் பின்னால் வந்து அவள் தோளில் தட்டினார். "நல்லாப் போட்டம்மா. இன்னைக்கு நெஜமாவே சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஹெட்போனில் அம்மா இன்னும் லைனில் இருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. ஊரே சிரிக்கும்போது என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் சிரித்தாள். வெளியாட்கள் முன்னால் எப்போதும் சிரிப்பாளே அப்படி, ஒரு மரியாதைக்கு.