ஏழாம் கட்டில் இரத்தம்

தட்டத்தோடு வந்த நேர்ஸ் மார்கிரட்டைக் கண்டதும் ஏழாம் கட்டிலில் கிடந்தவன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

"மண்வெட்டி பிடிக்கிற கை. ஒரு ஊசிக்கு இந்தப் பயமோ?" என்றாள் அவள்.

இரண்டு நாள் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். சுத்தத்தில் அவளை வெல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஆளில்லை. ஊசியையும் கண்ணாடிச் சிரிஞ்சையும் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்திலேயே காவல் நிற்பாள். கை கழுவாமல் அவளுடைய தட்டத்தைத் தொட்ட பெரிய டொக்டரே ஒருநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நோயாளர் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஏரம்பு தானே?"

"ஓ... ஓம், மிசி."

"நாளைக்குக் காலமை வயித்துப்புண்ணுக்கு ஒப்பரேசன். இரத்தம் மெத்தக் குறைவெண்டு எழுதிக் கிடக்கு. நீட்டும் கையை."

ரப்பர் நாடாவை இறுக்கிக் கட்டி, முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பூசினாள். அவன் உதவி செய்கிற நினைப்பில், பூசிய இடத்திலேயே விரலை ஊன்றி, "இதிலைதான் நரம்பு" என்றான்.

"எடும் விரலை! ஊரிலை உள்ள கிருமியெல்லாம் உம்மடை நகத்துக்கைதான் குடியிருக்கு."

மறுபடி பூசி, காயும்வரை நின்றாள். ஊசி ஏறியதும் இரத்தம் கேட்காமலே பாய்ந்து சிரிஞ்சை நிரப்பியது.

"பாரும், இரத்தம் இல்லாத ஆளாம்! ரெண்டு நாள் எங்கடை வாட்டிலை கிடந்த புண்ணியம்" என்று மெச்சிக்கொண்டாள்.

பஞ்சை வைத்துக் கையை மடித்துவிட்டாள். "கட்டிலை விட்டு இறங்கப்படாது. விறாந்தையிலை நாலு பேர் பாயோடை காத்துக் கிடக்கினம். கட்டில் வெறுமையாய்க் கிடந்தால் துண்டை வெட்டி வீட்டை அனுப்பிப்போடுவன்."

"தெரியும், மிசி. அதுதானே அசையாமல் கிடக்கிறன்."

கண்ணாடிக் குழாயில் 'ஏரம்பு, கட்டில் 7' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினாள்.

"உந்த இரத்தம் என்னத்துக்கு, மிசி?"

"நாளைக்கு வயித்தை வெட்டேக்கை இரத்தம் ஏத்தவேணும். இதைச் சோதிச்சு, இதுக்குப் பொருந்திறதைத்தான் ஏத்துவினம்."

"பொருந்தாட்டில்?"

"மேசையிலையே ஆள் முடிஞ்சுது."

அவன் முகம் கறுத்ததைக் கண்டு அவளுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. "பயப்படாதையும். இருபது வருசமாய் என்ரை கையாலை எடுத்த இரத்தம் ஒருக்காலும் ஆள் மாறினதில்லை."

அவன் விறாந்தையில் கிடந்த பாய்களைப் பார்த்தான். அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். போர்வையை உதறிவிட்டு எழும்பி உட்கார்ந்தான்.

"உந்த இரத்தத்தை ஊத்திப்போடுங்கோ, மிசி. பங்குக் கிணத்திலை இண்டைக்குத் தன்ரை முறையெண்டு, என்னைக் கட்டிலிலை கிடத்திப்போட்டு ஏரம்பு அண்ணை புகையிலைக்குத் தண்ணி இறைக்கப் போயிட்டார்."