எட்டாம் கட்டிலின் கோடு

பிற்பகல் வெயில் திரைச்சீலையை ஊடுருவித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் மங்கலாக விழுகிறது. நர்ஸ் மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள் நெட்வொர்க் பொறியாளர். காலையிலிருந்து எழுந்திருக்காததில் இடுப்பு கடுக்கிறது. இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகளின் தகவலும், வராந்தாவில் காத்திருப்பவர்கள் செல்போனில் பார்க்கும் படங்களும் இதுவரை ஒரே வழியில்தான் போய்வந்தன. போன வாரம் அந்த நெரிசலில் மேசைத் திரையில் ஒருவருடைய துடிப்புக் கோடு அரை நிமிடம் உறைந்துவிட்டது. கம்பி பழையதுதான், அதற்குள்ளேயே கருவிகளுக்கென்று தனிப் பாதை பிரித்து, வெளியார் எட்டிப் பார்க்க முடியாமல் அடைக்கிறாள். ஏழு கட்டில்கள் முடிந்தன. மிச்சம் எட்டாவது.

“மாத்தட்டுமாக்கா?”

“இரும்மா.” மூத்த நர்ஸ் காலை இழுத்து நடந்துபோய் அங்கே படுத்திருக்கும் பெரியவரின் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

“பக்கத்துல இருக்கற கருவி காட்டும்க்கா. இந்தத் திரையில மட்டும்தான் கொஞ்ச நேரம் அணையும்.”

“அது காட்டட்டும். என் கையும் இருக்கட்டும்.”

பொறியாளர் பொத்தானை அழுத்துகிறாள். திரையில் எட்டாம் வரிசை இருண்டுபோகிறது. நர்ஸின் உதடுகள் சத்தமில்லாமல் எண்ணுகின்றன. வராந்தாவில் யாரோ இருமுகிறார்கள். பச்சைக் கோடு ஒருமுறை நெளிந்து, பிறகு சீராக ஓடத் தொடங்குகிறது.

“வந்துருச்சுக்கா. முடிஞ்சுது, விட்டுடுங்க.”

“நான் விட்டுட்டேன். இவர்தான் பிடிச்சிட்டிருக்கார்.”

கண் திறக்காத பெரியவரின் விரல்கள் அவள் கையைச் சுற்றி மூடியிருக்கின்றன. நர்ஸ் காலாலேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு, இன்று முதல்முறையாக உட்காருகிறாள்.