ஜோனாவைப் பின்தொடர்ந்தவர்

பொன்னம்பலத்தின் ஃபோனிலிருந்த படங்கள் விசாரணை அறையின் சுவர்த் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் ஜோனாதான். ஜோனா சாப்பிடுகிறான், ஜோனா காரில் ஏறுகிறான், ஜோனாவின் சப்பாத்து, பிறகு காரின் இலக்கத் தகடு.

ஜோனா பல்கலைக்கழகத்து யூத மாணவர் சங்கத்தின் செயலாளர். அவனை யாரோ பின்தொடர்கிறார் என்று சங்கத்துப் பிள்ளைகள் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். பயந்ததில் பிழையில்லை. போன மாதம்தான் எவனோ அவர்களுடைய கதவில் அசிங்கமாகக் கிறுக்கிவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் கிறுக்கலைத் துடைக்கவே நிர்வாகத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கிறுக்கியவனை யாரும் தேடவுமில்லை. இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. யூத வெறுப்பு, தீவிரவாதம் என்று முறைப்பாடு வந்தால் கிடப்பில் போட முடியாது. ஆகவே கண்ணில் பட்ட முதல் ஆளைப் பிடித்துவிட்டார்கள். வெக்ஸ்போர்ட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பொன்னம்பலத்தை.

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். மகள் வரட்டும் என்றார். மகள் றஜிதா அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்து முடித்திருந்தாள். அந்தப் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி.

அவள் உள்ளே வந்து, ஒருவருக்கும் வணக்கம் சொல்லாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதுவரை எதிரே இருந்து கடகடவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்த ஜோனா மேசையைப் பார்க்கத் தொடங்கினான்.

விசாரணை அதிகாரி மிஸ் கொலின்ஸ் சுற்றி வளைக்கவில்லை. சரியான காரணம் சொல்லாவிட்டால் இவர் இனி வளாகத்துக்குள் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமைப் பட்டமளிப்பு விழாவுக்கும் வர முடியாது.

றஜிதா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அந்த விழாவுக்கென்று வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கடையில் வெங்காயம் நிறுக்கிற மனிதர் அவர்.

“அப்பா, உங்களுக்குத் தீவிரவாதி எண்டு பேர் வைக்கப்போகினம். என்னெண்டு சொல்லித் துலையுங்கோ.”

“உந்த மனிசிக்கு முன்னாலை சொல்லுற கதையில்லை, பிள்ளை. அவவுக்கு வேறை வேலை இல்லையோ எண்டு கேள்.”

அப்பா விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைப்பார் என்று றஜிதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

கொலின்ஸ் விடவில்லை. ஜோனா எப்போது வருவான், யாரோடு திரிவான் என்று இவர் சிற்றுண்டிச்சாலையில் விசாரித்ததற்குச் சாட்சி இருக்கிறது என்றார். எந்த இயக்கம் அனுப்பியது என்று கேட்கச் சொன்னார்.

“ஆர் உங்களை அனுப்பினது எண்டு கேக்கினம்.”

“வேறை ஆர், கொம்மாதான்.”

அம்மாவை விழுங்கிவிட்டு, இவர் தனியாகத்தான் செயல்பட்டாராம் என்று றஜிதா சொன்னாள். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசமாக இருப்பது அவளுக்கு உறைத்தது. கொலின்ஸ் அதை எழுதி, கீழே கோடும் போட்டார்.

அப்போது ஜோனா கையை உயர்த்தினான். தனக்கு இவர்மேல் கோபமில்லை, இத்தோடு விட்டுவிடலாம் என்றான். அவனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் விசாரணையை நிறுத்த முடியாது என்று சொன்ன கொலின்ஸ், பையன் பயத்தில் பேசுகிறான் என்று நினைத்து அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தடை உத்தரவை எழுதுவதற்கு முன் கடைசியாக ஒரே கேள்வி. இந்தப் பையனிடம் இவருக்கு என்ன வேண்டும்?

றஜிதா கேட்டாள்.

பொன்னம்பலம் ஜோனாவை ஆற அமர ஒருமுறை பார்த்தார். மகளையும் பார்த்தார். வெள்ளிக்கிழமையை நினைத்திருக்க வேண்டும். பெருமூச்சு விட்டு வாயைத் திறந்தார்.

“குழப்படியில்லாத பெடியன்தான். கொம்மா சாத்திரியாரிட்டை நிக்கிறா, இந்தத் தம்பி பிறந்த நேரத்தை மட்டும் கேட்டுச் சொல்லு.”