உடனே ஓடிய சாட்சி

கண்ணால் பார்த்த சாட்சியைக் கோர்ட்டில் இப்போது யாரும் சீந்துவதில்லை. காதால் கேட்டதுதான் செல்லும். ஞானசிகாமணியைக் கூண்டில் ஏற்றி, காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டினார்கள். சம்பவத்தன்று அந்தக் காதில் விழுந்ததெல்லாம் இனி ஒலிபெருக்கியில் வரும்.

"வலிக்காது சார். நீங்க வாயே திறக்க வேணாம்" என்றார் டவாலி.

ஞானசிகாமணிக்குப் பயமே அதுதான். பக்கத்து வீட்டு ஹேமலதாவை அவள் புருஷன் அடித்துக் கொன்ற நாளிலிருந்து, "சத்தம் கேட்டதும் உடனே ஓடினேன்" என்று சொல்லிச் சொல்லி அவரே பாதி நம்பிவிட்டார். குடியிருப்போர் சங்கம் சால்வைகூடப் போர்த்தியது. ஹேமலதாவின் அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மா இப்போது முதல் வரிசையில் இருந்தாள்.

ஒலிபெருக்கியில் குக்கரின் இரண்டாவது விசில் அடித்தது. சுவருக்கு அப்பால் ஏதோ உடைந்தது. "அங்கிள்!" என்று ஹேமலதா கத்தினாள்.

"இதோ வரேம்மா, இன்னும் ஒரே விசில்" என்று ஞானசிகாமணியின் குரல் முணுமுணுத்தது.

ஹேமலதா மறுபடி கத்தினாள். அப்புறம் கத்தவில்லை. மூன்றாவது விசில் வந்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புகள் ஓடின.

"நேரம் தெளிவாக இருக்கிறது. சாட்சிக்கு நன்றி" என்றார் நீதிபதி.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா எதிரே வந்து நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

"துவரம்பருப்புங்களா?"

"ஆமாங்கம்மா."

"மூணு விசில் வேணுந்தான்" என்றாள். "நானும் மூணுதான் வைப்பேன்."