முருகையன் வரட்டும்

“மரம் மாதிரி நிக்கிறீங்களே, ஒரு கை குடுத்துத் தள்ளக் கூடாதா?”

ஏரிக்குள் நின்று கத்தினான் கோகுலகிருஷ்ணன். கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. ஒருத்தர்கூட அசையவில்லை.

அவனுடைய எஸ்யூவியின் பின் சக்கரம் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிருந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துவிட்டால் ஏரி முழுக்கச் சேறுதான். வண்டியை அப்புறம் மறந்துவிட வேண்டியதுதான்.

எல்லாம் அவனாகத் தேடிக்கொண்ட வினை. அடுத்த மாதம் நண்பர்கள் மலைக்காட்டுப் பாதையில் வண்டி ஓட்டப் போகிறார்கள். “உனக்கெல்லாம் தார் ரோடே அதிகம்டா” என்று அதில் ஒருத்தன் சிரித்துவிட்டான். போதாதா? ஞாயிற்றுக்கிழமை மனைவி கலைமதியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து கிளம்பியவன், மயிலம் தாண்டி, பேர்கூடத் தெரியாத ஒரு வறண்ட ஏரிக்குள் இறங்கிவிட்டான். குருநாதர் செல்போன். வீடியோவில் சொன்னபடி டயரில் கொஞ்சம் காற்றைக்கூட இறக்கிவிட்டான்.

காய்ந்து கெட்டியாகக் கிடந்த ஏரியில் ஜோராக வட்டமடித்தான். பாப்பா கை தட்டினாள். அந்த உற்சாகத்தில் வண்டியைக் கரையோரம் திருப்பினான். அந்த ஒரு இடம் மட்டும் பொசுக்கென்று உள்வாங்கிக்கொண்டது.

மறுபடி ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுழன்று மண்ணை வாரி இறைத்தது.

“ஐயோ, மிதிக்காதீங்க சார்! வேணாம் சார்!” கரையிலிருந்து ஏழெட்டுக் குரல்கள்.

பெரிய கல் ஒன்றைத் தூக்கிவந்து சக்கரத்துக்கு அடியில் சொருகப் போனான்.

“கல்லு போடாதீங்க சார்!”

தள்ளவும் மாட்டார்களாம், தானாக எடுக்கவும் விடமாட்டார்களாம். என்ன ஜனங்களோ! ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். சிரிக்கிறாள் போலிருக்கிறது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

விழுப்புரத்து மெக்கானிக்குக்கு போன் போட்டான். “ஏரிக்குள்ள எல்லாம் நம்ம வண்டி எறங்காது சார்” என்று வைத்துவிட்டான் அவன்.

கரையில் டிராக்டரோடு நின்ற பெரியவரிடம் ஓடினான். எல்லோரும் அவரைப் பாண்டுரங்கண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அண்ணே, டிராக்டர் இருக்குது, செயின் இருக்குது. ஒரு இழுப்பு இழுத்து விட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்.”

“இழுக்கலாம் சார். முருகையன் வரட்டும்.”

“யாரு அவரு? பிரசிடெண்டா?”

“இல்ல சார்.”

“ஏரிய குத்தகைக்கு எடுத்திருக்காரா?”

“அதெல்லாம் இல்ல. அவன் சொல்லாம நாங்க அங்க கை வெக்க மாட்டோம். போன் பண்ணியாச்சு, வந்துக்கினு இருக்கான்.”

ஓகோ, வசூல் பண்ண ஓர் ஆளா? “காசுதானே? என்ன வேணும்னு சொல்லுங்க, குடுத்துட்டுப் போறேன்.”

பாண்டுரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மாடி, பாப்பாவத் தூக்கிக்கினு கரைக்கு வந்துடும்மா” என்று யாரோ கலைமதியைக் கூப்பிட்டார்கள்.

“போவாத கலை! உள்ளயே இரு” என்று தடுத்தான் கோகுல். இந்தக் கூட்டத்தை நம்பியா?

“அப்பவே வேணாம்னேன். கேட்டீங்களா?” கலைமதி அழத் தொடங்கினாள்.

இடி இடித்தது. பாப்பா வீறிட்டாள். “வீட்டுக்குப் போலாம்ப்பா... பயமா இருக்குதுப்பா...”

சற்று முன் கை தட்டிய பிள்ளை. ஒரு வண்டியை உருப்படியாக ஓட்டத் துப்பில்லை, கூட்டிவந்த பிள்ளையைத் தேற்றவும் வழியில்லை. நானெல்லாம் ஒரு அப்பன்! கோகுல் சக்கரத்தின் பக்கத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

தூறல் விழத் தொடங்கியபோது ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. மெலிந்த ஆள். கோகுலின் வயதுதான் இருக்கும். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு இறங்கி வந்தான். சக்கரத்தடியில் மண்டி போட்டு, வெறும் கையால் மண்ணை அள்ளி ஒதுக்கத் தொடங்கினான்.

“மம்பட்டி இல்லையா? ஜல்தியா முடியும்ல?”

“வேணாம் சார்” என்றான் முருகையன்.

சக்கரம் வெளியே தெரிந்ததும் பாண்டுரங்கன் தானே வந்து செயினை மாட்டினார்.

“அண்ணே, மெதுவா இழு. சக்கரம் சுத்தவே கூடாது. சார், நீங்க நியூட்ரல்ல போட்டுட்டு சும்மா உக்காருங்க.”

வண்டி அலுங்காமல் வெளியே வந்தது. டிராக்டருக்கு இது ஒரு வேலையே இல்லை.

கோகுல் ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். இத்தனை நேரத்து ஆத்திரம் முந்திக்கொண்டது.

“இவ்ளோதானே? இதுக்கா ஊரே கைய கட்டிக்கினு வேடிக்க பாத்தீங்க? வண்டிக்குள்ள ஒரு குழந்த கதறுதே, உங்க வீட்டுக் குழந்தையா இருந்தா இப்படி நிப்பீங்களா?”

முருகையன் கலைந்த மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளி, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்:

“வண்டிக்குக் கீழ இருந்தது என் குழந்த சார். பங்குனியில பொதச்சோம். கோட மழையில மேடு கரைஞ்சு போச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது... பாப்பா பயந்துக்கினு இருக்குது பாருங்க, சீக்கிரம் கூட்டிக்கினு போங்க.”