கடைசிப் படகு

எவெர்ட் காபிக் கடைக்குள் போனதும் கெஸினா சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். வால்வு மூடியைத் திருகி எடுத்து நகத்தால் நுனியை அழுத்தினாள். ‘புஸ்’ என்று காற்று இறங்கியது.

அது இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள். முன் இருக்கை அவளுடையது, பின் இருக்கை அவள் கணவன் எவெர்டுடையது. சட்டத்தில் மாட்டியிருந்த கைப்பம்பையும் கழற்றி வாய்க்காலில் வீசினாள். இரண்டு வாத்துகள் பதறிக்கொண்டு விலகின.

எவெர்ட் மெதுவாகப் படியிறங்கி வந்தான். சட்டை அவன் தோளில் தொளதொளவென்று தொங்கியது. “என்னாச்சு?”

“பஞ்சர் போல இருக்கு. பம்பையும் எங்கேயோ தொலைச்சுட்டோம். இனி நகர முடியாது, எவெர்ட்.”

“இந்த நாட்டுல பம்ப் இல்லாத காபிக் கடை உண்டா?” என்று சிரித்தான். அதற்குள் கடைக்காரியே ஒரு பெரிய பம்போடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவள் அழுத்திய அழுத்தில் சக்கரம் கல்லாகிவிட்டது. கெஸினா அவளுக்கு நன்றி சொன்னாள். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

லெக் ஆற்றின் கரைமேட்டுப் பாதையில் எதிர்காற்று வீசியது. பின்னால் எவெர்ட் மிதிப்பதாகப் பேர், பாரம் முழுக்க அவள் காலில்தான். அவளுக்கு அது போதவில்லை. இன்னும் பலமாக வீசட்டும், சைக்கிளை வந்த வழியே தள்ளிக்கொண்டு போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, படகில்தான் கடக்க வேண்டும். ஆறு மணிக்கு வீட்டுக்கு ஆள் வரும்.

ஒரு தோட்டத்து வாசலில், மேசைமேல் பேரிக்காய்களைப் பை பையாகக் கட்டி வைத்திருந்தார்கள். “நிறுத்து, நிறுத்து” என்றான் எவெர்ட். இறங்கி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, காசை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு பையை எடுத்துக்கொண்டான்.

“கல்லு மாதிரி இருக்கே.”

“இருக்கட்டும். ஜன்னல்ல வெச்சா ஒரு வாரத்துல பழுத்துடும்.”

கெஸினா பையை வாங்கி வண்டியில் மாட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினாள்.

பாதை பிரியும் இடத்தில் வேண்டுமென்றே வலப்பக்கம் திரும்பினாள்.

“கெஸினா, படகுக்கு இடப்பக்கம்.”

“இது குறுக்கு வழி.”

“யாருக்கு? மாட்டுக்கா?”

மாட்டுக்குத்தான். ஆற்றோரப் புல்வெளியில் பாதை சேறாகி நின்றது. கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள் சுற்றி வந்து, இவர்கள் யார் என்று பார்த்தன. அவள் வண்டியைத் தள்ளினாள், வழுக்கினாள், முழங்கால்வரை சேறானாள். எவெர்ட் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒரு வேலிக்கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

அவ்வளவு சுற்றியும், அவர்கள் துறைக்கு வந்தபோது படகு கரையிலேயே நின்றிருந்தது. படகோட்டி கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

“சீக்கிரம் வாங்கம்மா! இதுதான் கடைசி. இதை விட்டா பாலத்தைச் சுத்தித்தான் போகணும்!”

எவெர்ட் ஓரடி எடுத்து வைத்தான். கெஸினாவின் கையிலிருந்து வண்டி நழுவிச் சரிந்தது. பை அவிழ்ந்து காய்கள் சரிவில் உருண்டன. அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“வரீங்களா, இல்லையா?”

“வரல!” அவள் போட்ட சத்தத்தில் கரையோர நாரைகூட எழும்பிப் பறந்தது. “வரல, போய்யா! போ!”

படகோட்டி ஒரு கணம் முழித்தான். பிறகு சங்கிலியை அவிழ்த்தான். படகு விலகி நடு ஆற்றுக்குப் போனது.

“காத்தைப் பிடுங்கினது நான்தான்” என்றாள். “பம்பை வாய்க்கால்ல போட்டதும் நான்தான். வழியும் தெரிஞ்சேதான் மாத்தினேன்.”

“ஏன்?”

“ஆறு மணிக்கு டாக்டர் வந்து ஊசி போட்டுடுவாரே, எவெர்ட்! அதுக்கப்புறம் நீ இருக்க மாட்டியே!”

பின்பு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. “வலி தாங்கலை, போதும்னு நீ சொன்னே. இந்த நாட்டுச் சட்டம் சரின்னுச்சு, ரெண்டு டாக்டருங்க சரின்னாங்க. நானும் ‘உன் இஷ்டம்’னு தலையாட்டினேன். உன்னைத் தடுக்க எனக்கு உரிமையில்லைன்னு நெனச்சேன். இன்னைக்கு ஒரு சுத்து போலாம்னு நீ கேட்டப்பக்கூட சிரிச்சுக்கிட்டே வண்டியை எடுத்தேன். என்னால முடியல. போகாதே. எப்படியாவது இரு, எவெர்ட்.”

எவெர்ட் தரையில் கையை ஊன்றி, வலியோடு மடங்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சேறு படிந்த அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“நீ அன்னைக்கு ‘உன் இஷ்டம்’னு சொன்னப்போ, உனக்கும் நான் பாரமாயிட்டேன்னு நெனச்சேன். அதான் இன்னைக்குப் பூரா வாயைத் திறக்கவே பயமா இருந்துச்சு. சொன்னா உன் மொகம் வாடிடுமோன்னு.”

“என்னத்தைச் சொன்னா?”

“டாக்டரை வர வேண்டாம்னு காலையிலேயே சொல்லிட்டேன்.”